பெண்கள் பக்கம்

வெள்ளைத் துணியில் வாய் அசைகிறது.
வார்த்தை மட்டும் என் வீட்டுக்காரருடையது.

ஓடம்போக்கி வறண்ட பங்குனியில்
விஜயபுரத்துக்குக் கிழக்கே, அறுத்த வயலில் கொட்டகை.
தாள் குத்தாமலிருக்க வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள்.
மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் பீடிப்புகை.

திரையோரம் தகரக்குழலோடு ஐயாக்கண்ணு நிற்பார்.
பம்பாயில் எடுத்த படம். இடையிடையே எழுத்து வரும்,
எங்களுக்கு ஆகாத எழுத்து.
அவருக்கும் ஆகாது.
முதலாளி முதல் நாள் நாலு வரியில் சொன்ன கதையை
ராத்திரிக்கு ராத்திரி ஒட்டுப்போட்டு
முழுச் சட்டையாக்கிவிட்டார்.
அந்தப் பெண்ணுக்குப் பூரணி என்று பேர் வைத்ததும் அவரே.

பூரணி கொல்லைக் கதவைத் திறக்கிறாள்.
ஒருவன் வருகிறான்.
அவன் கையில் எதையோ திணிக்கிறாள்.
ஜன்னலில் புருஷன் முகம், சொளகு அகலத்துக்கு.

"அட பாவி, அது அவ தம்பிடா! ஜெயில்லேருந்து தப்பி வந்தவன்!"
மூன்று ராத்திரி இப்படித்தான் கத்தினார்.
துணிக்குள் இருப்பவனுக்குக் காது ஏது?
கடலை விற்கிற பையனுக்கும் தெரிந்தது
அவனுக்கு மட்டும் தெரியாது.

நாலாம் ராத்திரி
கதவு திறந்தது. ஆள் வந்தான்.
குழலில் சத்தமில்லை.
அப்புறம் மெதுவாக,
"யாரோ ஒருத்தன்" என்றார்.

எனக்கு அடிவயிறு குளிர்ந்தது.

அன்று மத்தியானம் எங்கள் கொல்லையில்
வாழைக்கு அந்தண்டை
ஒருவன் கையில் துணிமுடிப்பு கொடுத்தேன்.
அடகுக்கடைக் கணக்குப்பிள்ளை.
முடிப்பில் என் மூக்குத்தி.
துளை தூராமலிருக்க வேப்பங்குச்சி செருகிக்கொண்டு
சோறு போட்டேன். பார்த்தார். கேட்கவில்லை.
எனக்குத் தம்பி கிடையாது. அது அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியாதது கடுகுடப்பாவில் இருக்கிறது.
முதலாளி கொடுத்தார் என்று
கண்ணில் ஒற்றி என் கையில் வைத்த
ஒன்பது ரூபாய்.
மளிகைக்கடைக்காரர் கல்லில் சுண்டிப் பார்த்து
ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார்.
அத்தனையும் ஈயம்.
சொன்னால் சண்டைக்குப் போவார்,
குழல் வேறொருவன் கைக்குப் போகும்.
அது இல்லாத ஐயாக்கண்ணுவை
நான் பார்த்திருக்கிறேன், கல்யாணமான புதிதில்,
முழு வருஷம்.

கார்பன் குச்சி தீர்ந்து திரை செத்தது.
ஒரே இருட்டு, ஒரே விசில்.
எழுந்து நின்றேனா என்றுகூட நினைவில்லை.
"கையில என்ன குடுத்தேன்னு
அவளையே கேக்கச் சொல்லுங்க!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.
தட்டிக்கு அந்தப் பக்கம்
ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்று
எனக்குத் தெரியும்.

வெளிச்சம் வந்தபோது
பூரணி மழையில், தெருவில், பிள்ளையோடு.
அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.
ஆர்மோனியக்காரர் தானாக எதையோ வாசித்துக் காலம் தள்ளினார்.

வீட்டில் விளக்கேற்றி
அம்மிக்கல்லில் காசுகளைப் போட்டேன்,
ஒவ்வொன்றாக.
டொக்.
டொக்.

குழலைத் திருப்பினார்.
சிறிய வாயைக் காதில் வைத்து,
அகன்ற வாயை அம்மிப் பக்கம் குனித்து,
"இன்னொரு தரம் போடு" என்றார்.