முன்சக்கரத்தில் ஓட்டை

ஜூலைக்குள் தேய்ந்துவிட்டது,
பிளாஸ்டிக் மூன்றுசக்கர வண்டியின் முன்சக்கரம்.
உள்ளங்கை அகல ஓட்டை.
அதற்குள் யாரோ போட்ட ஜல்லி
உருளும்போதெல்லாம் கடகடக்கும்;
மூன்றாம் வீட்டு நாய்க்கு அது ஆகாது.

யங்ஸ்டவுனில் எங்கள் தெரு
எஃகு ஆலை வாசல்வரை ஒரே இறக்கம்.
மேலிருந்து ஒருவர் வர வேண்டும்,
மற்றவர்கள் இரு பக்கமும் நின்று
காட்டு ஆப்பிள் காயால் அடிக்கலாம்.
முகத்தில் மட்டும் கூடாது என்பாள் லொரெட்டா.
அவள் எறிவதுதான் முகத்தில் படும்.

குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாய்ப் பிடித்து
வாயால் சைரன் ஊதியபடி வந்தான் ருடி ஸ்லோவிக்.
நான் காய் எறியவில்லை.
துடைப்பக் கம்பை நீட்டினேன்.
ஏனென்று இன்றுவரை தெரியாது.

பாதிப் பல் தாரில் கிடந்தது.
ரத்தத்தை விட்டுவிட்டு
அதைத்தான் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

மாவு அப்பிய கையோடு ஓடிவந்து
யார், யார் என்றாள் அவன் அம்மா.
"நானேதான் விழுந்தேன்."
பல்லிடுக்கில் காற்று விசிலடித்தது.

மறுநாள் காலை
வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.
"இன்னிக்கு முதல்ல நீ."

மேட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
கீழே லொரெட்டா, க்ளைட், இரட்டையர்கள்,
ஆளுக்கு நாலு காய்.
அவன் கையில் மட்டும்
ஒன்றுமில்லை.