பச்சை

நேற்று ஹோவானிப் மணலில் டயர் வெடித்தபோது
ஜாக்கியின் கம்பி வால்விஸ் பேயில்
எங்கள் சமையலறை ஜன்னலுக்கு
முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.
கொடுத்தவள் நான்.
கிளம்புமுன் பார்க்காதவன் ம்பகோஞ்சா.

மூன்று மணி நேரம் கழித்து
ஒரு கழுதை வண்டிக்காரர் வந்தார்.
கல் அடுக்கி, கட்டை நெம்பி
வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்.
அதற்குள்
சொல்லக் கூடாததில் பாதியைச் சொல்லி முடித்திருந்தோம்.

மீதிப் பாதி
இன்று பின் இருக்கையில் வருகிறது,
செஸ்ஃபொன்டைனில் அவன் மாமா
விடியலில் அறுத்துக் கொடுத்த
ஆட்டுத் தொடைக்குப் பக்கத்தில்.

சாலையா இது, துவைகல்.
பல் ஆடுகிறது, கண்ணாடி ஆடுகிறது,
எங்கோ கழன்ற ஒரு திருகாணி
இருக்கைக்கடியில் உருண்டுகொண்டே வருகிறது.
யாரும் குனிந்து தேடவில்லை.
எண்பதில் போனால் குலுங்காது என்பான்.
நாற்பதில் போனால் உயிரோடு போகலாம் என்பேன்.
இன்று அதுவும் கிடையாது.

துருப்பிடித்த மலை. துருப்பிடித்த கல்.
காய்ந்த யானைச் சாணத்தின்மேல்
எங்களுக்குமுன் போன யாருடையதோ டயர்த் தடம்.
வளைவில் ஓர் ஒட்டகச்சிவிங்கி,
தனியாக,
அசைபோட்டபடி நின்றது.
‘பார்’ என்று வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
அவன் பார்த்தது அவன் காலில் தெரிந்தது:
ஆக்சிலரேட்டர் கொஞ்சம் தளர்ந்து
மறுபடி அழுந்தியது.

பாம்வாக் வேலியில் கேட் மூடியிருந்தது.
ஆரஞ்சுச் சட்டைக்காரி
ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.
மார்பில் பெயர் இருந்தது: மின்னா.
“பச்சைக் கறி வேலிக்குத் தெற்கே போகக் கூடாது. கோமாரி.
விட்டுவிட்டுப் போங்கள்.
இல்லையென்றால் இங்கேயே சுட்டுத் தின்னுங்கள்.
வெந்தது என் கணக்கில் வராது.”

மாமாவின் ஆட்டைக்
குழியில் எறிய அவனால் முடியாது.
கண்ணுக்கெட்டியவரை
பச்சை என்று இருந்தது ஒரே ஒரு புதர்தான்,
ஆள் உயரம், ஆயிரம் விரல்.
அடியில் உலர்ந்து கிடந்த குச்சிகளை
ஒரு கை அள்ளிவந்து பற்றவைத்தான்.

மின்னா ஓடிவந்தாள்.
பூட்ஸ் காலால் நெருப்பை உதைத்துச் சிதறடித்தாள்.
“அது பால்கள்ளி! விஷம்!
அந்தப் புகையில் வாட்டித் தின்றவர்களை
எனக்குத் தெரியும்.”
விரல் விட்டு எண்ணத் தொடங்கி
நான்காவதில் நிறுத்தினாள்.
என் கை
எப்போது அவன் சட்டையைப் பிடித்தது என்று தெரியவில்லை.
விட்டேன்.

தன் கொட்டகைக்குப் பின்னாலிருந்து
மொபானே விறகு கொண்டுவந்தாள்,
இரும்புபோல் கனம்.
கொழுப்பு சொட்டியது. மூன்று பேரும்
காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம்.

“உப்பு?” என்றான்.
“டப்பாவில்.”
“எந்த டப்பா?”
“நீலம்.”
நூறு கிலோமீட்டருக்கு அவ்வளவுதான் பேச்சு.

பாதித் தொடை மின்னாவுக்கு.
மணிக்கட்டில் வழிந்ததை நக்கிக்கொண்டே
பதிவேட்டில் எழுதினாள்:
வெள்ளை ஹைலக்ஸ். இருவர். இறைச்சி இல்லை.
கேட்டைத் தள்ளித் திறந்தாள்.

முழங்கைவரை அவனுக்கு எண்ணெய்.
தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பார்த்தான்,
கழுவ மனம் வரவில்லை.
சாவியை இரண்டு விரலால் எடுத்து
என் மடியில் போட்டுவிட்டு
மறுபக்கம் ஏறிக்கொண்டான்.

திருகாணி உருளத் தொடங்கியது.
பின் இருக்கையில் இருந்தது
வெந்ததா, இன்னும் பச்சைதானா,
திரும்பிப் பார்க்கவில்லை.

“நாற்பது,” என்றான்
முள்ளைப் பார்த்து.
ஐம்பதாக்கினேன்.