உள்சுவர்

வெளிச்சுவரில் வேண்டாம் என்றேன்.
பின்னேரம் முழுக்க மேற்கு வெயில் நக்கும் சுவர் அது,
உள்ளங்கை வைத்தால் தோசைக்கல்.
கிற்றாரின் வயிற்றுப் பலகை
இரண்டு ரூபாய்க் குற்றி இரண்டை அடுக்கிய தடிப்பு.
அவ்வளவுதான் அது.

மேசன் கனகலிங்கம் உள்சுவரைத் தட்டிப் பார்த்தார்.
வீட்டுத்திட்டக் கல்.
டிறில் போட்டதும் காலடியில்
ஒரு கோப்பை மணல் கொட்டியது.
"இது தாங்காது தங்கச்சி,
பூச்சுத்தான் வீடாய் நிக்குது."
காசு கட்டம் கட்டமாய் வந்ததையும்
கடைசிக் கட்டம் வராமலே போனதையும்
அந்த ஓட்டை வாய் திறந்து சொல்லியது.

பிறகு நிலையை ஒட்டிய கொங்கிறீற் தூணில்,
கம்பிக்கு ஒரு விரல் தள்ளி,
பிளக் அடித்து, நாலு அங்குலத் திருகாணி.
ஐந்து கிலோ அரிசிப் பையை
ஒரு கிழமை தொங்கவிட்டுப் பார்த்தோம்.
பை இறங்கவில்லை.
எட்டாம் நாள் அரிசியை உலையில் போட்டுவிட்டுக்
கிற்றாரைக் கொழுவினேன்.

கொழுவியின் றப்பர் வார்னிஷைத் தின்னும்,
பழைய பருத்திச் சேலையில் இரண்டு சுற்று.
தரையில் சாய்த்தால் கறையான்.
பெட்டியில் பூட்டினால் பூஞ்சணம்.
வெளியில் இருந்தால் குளவி வந்து
துளைக்குள்ளே மண்வீடு கட்டும்,
அதற்கு ஒரு கட்டமும் பிந்துவதில்லை.

மாரிக்கு,
தொழிற்சாலையில் பொதி கட்டும் மேசையில் மிஞ்சுகிற
ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள்.
எந்த நாட்டிலோ யாரோ உடுக்கப்போகும் சட்டையோடு
கப்பலேற வேண்டியவை.
பதினொன்று சேர்த்தேன்.
வாசலில் பை சோதிக்கிற சிவமலர்
பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.
மாதம் ஒருக்கால் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்து
மறுபடி வயிற்றுக்குள் போடுகிறேன்.
சித்திரையில் எல்லாம் மறுபக்கம்:
சவர்க்காரப் பெட்டியில் ஈரப் பஞ்சு,
மூடியில் ஏழு துளை.
காயவும் கூடாது, நனையவும் கூடாது.
மகளை வளர்த்தது இதைவிடச் சுகம்.

இவ்வளவும் செய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான்
வருகிறவர்களைக் கவனித்தேன்.
படலையிலிருந்தே சத்தமாய்க் கதைத்து வருபவர்கள்
தூணைக் கண்டதும் குரலைத் தணித்தார்கள்.
கணக்கெடுக்க வந்த பெடியன்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்,
பேனையைத் திறக்காமல்.

எங்கள் பக்கம் சுவர் என்றால்
போனவர்கள் இருக்கிற இடம்.
கண்ணாடிச் சட்டம், பிளாஸ்ரிக் மாலை,
சின்னச் சிவப்பு பல்ப்.
அந்த உயரத்தில்
தூசி துடைத்து வைத்திருக்கும் ஒன்றை
வேறென்னவாய் நினைக்கச் சொல்வது?

பக்கத்து வளவு அமுதவேணி ஒருநாள்
தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
"இது ஆற்றை?"
பிறகு, இன்னும் மெல்ல,
"எந்த வருசம்?"

"என்ரை.
போன ஆடியில, கிளிநொச்சியில,
பதினாறு மாசத் தவணை.
இன்னும் அஞ்சு கிடக்கு."

சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.
நானும் அவளுடையதைப் பார்த்தேன்.

மறுநாள் வேலையால் வந்தால்
முறுக்காணிகளுக்கு நடுவே ஒரு செவ்வரத்தம்பூ.
தண்ணீர் தெளித்துச் செருகியிருந்தாள்.
மரத்துக்கு ஈரம் ஆகாது.
பூவை எடுத்து யன்னலில் ரம்ளருக்குள் வைத்தேன்,
அவள் வளவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.
தலைப் பலகையை மூன்றுதரம் துடைத்தேன்.

பிறகு கொழுவியைக் கழற்றி
ஒன்றரை முழம் கீழே இறக்கினேன்.
இப்போது அது படத்தின் உயரத்தில் இல்லை.
மகள் போகையில் ஒருதரம், வருகையில் ஒருதரம்
தட்டிவிட்டுப் போகிறாள்,
சுருதி ஒருநாளும் நிற்பதில்லை.
வருகிறவர்கள் விலைவாசியைச் சத்தமாய்த் திட்டுகிறார்கள்.
இரவில் மணல் டிப்பர் றோட்டில் போனால்
தடித்த தந்தி தானாய் முனகும்.
அப்போது மட்டும்
இவர் கதையை நிறுத்தி, அது ஓயும்வரை இருப்பார்.

மேலே பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது.
பூச வருவதாய்ச் சொன்ன கனகலிங்கத்துக்கு
துணுக்காய் முழுக்க வேலையாம்.