முந்நூறு வெள்ளிக்குள்

மின்கட்டண ரசீதின் முதுகில்
கோவேந்தன் எழுதிய பட்டியல்:
ரேம், இன்னுமொரு எட்டு.
எஸ்எஸ்டி ஒன்று.
கிராபிக்ஸ் கார்டு, யாரோ பயன்படுத்தியது போதும்.
பவர் சப்ளை மட்டும் புதிது,
அதில் கஞ்சத்தனம் கூடாது.
அடியில் இரட்டைக் கோடு: முந்நூறு வெள்ளி.
கோட்டுக்குக் கீழே என் கையெழுத்தில்:
விளக்கெரியும் விசிறி வேண்டாம்.

எங்கள் திருமணத்தைவிட ஒரு வயது மூத்த கணினி.
அதில் அவர் இரவில் கார் ஓட்டுவார்.
சிஓஇ விலை கேட்டே பிரேக் போடும் ஊரில்
நூற்றெண்பதில் பனிமலை ஏறி,
வளைவில் படம் உறைந்து,
பள்ளத்தில் விழுந்து,
தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறுவார்.

நான் வார இறுதிகளில்
ஊரார் கல்யாணங்களை வெட்டுகிறேன்.
எடிட்டிங்தான், பயப்பட வேண்டாம்.
பதினான்கு நிமிடப் படம் வெளியே வர
ஆறு மணி நேரம்.
துணி துவைத்து, மூங்கிலில் செருகி,
பதினோராம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டி,
மழை வந்து, இழுத்து, வெயில் வந்து, நீட்டி,
திரும்பி வந்து பார்த்தால்
மாப்பிள்ளை இன்னும் குனிந்தபடியே இருப்பார்.
மூன்றாம் முடிச்சு
அறுபத்திரண்டு சதவீதத்தில்.

சனிக்கிழமை மூடியைக் கழற்றினோம்.
தூசி, கம்பளிபோல் ஒரே துண்டாக வந்தது.
என் மை தீட்டும் தூரிகை அதோடு ஓய்வுபெற்றது.
விசிறிக்கடியில் ஒரு பல்லி,
பஸ் டிக்கெட்போல் காய்ந்து.
"அந்தச் சத்தம் இதுதானா?" என்றார் கோவேந்தன்.
இரண்டு வருடமாக
விண்டோஸைத் திட்டியிருக்கிறோம்.

கார்டு விற்க வந்தவன் பெயர் ஹைக்கல்.
செம்பவாங் ரயில் நிலையம், கேட்டுக்கு வெளியே,
ரொட்டிக்கடைப் பையில் துண்டு சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.
நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியபடி
செவ்வாய்க்கிழமை தெக்கோங் என்றான்.
இரண்டு வருடம் தேசிய சேவை,
அதுவரை இது சும்மா கிடந்து
விலை இறங்குமாம்.
"என்ன விளையாடுவீங்க அக்கா?"
கல்யாணம் என்றேன்.
புரியாமலே தலையாட்டினான்.
வயதைப் பார்த்து
பேரத்தை விட்டிருக்கலாம்.
விடவில்லை.
பத்து வெள்ளி குறைத்தேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால்
கார்டு இரண்டு விரல் நீளம் அதிகம்.
அளந்தாயா என்று நான் கேட்க,
நீ அளந்தாயா என்று அவர் கேட்க,
அரைமணி நேரம் இரண்டு பேரும் எதையும் அளக்கவில்லை.
பிறகு குறட்டை எடுத்து
பழைய ஹார்ட் டிஸ்க் கூண்டை
முறுக்கி முறுக்கிப் பிடுங்கினார்.
வயிற்றில் அந்த இடம் காலியாக,
விளிம்பு பல்போல் கூராக.
கார்டு உட்கார்ந்துவிட்டது.
மூடிதான் இனி மூடாது.
மேசை விசிறியை
அதன் பக்கம் திருப்பி வைத்தோம்.
எங்களுக்கு ஜன்னல் காற்று.

முப்பத்தெட்டு நிமிடம்.
துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டுத் திரும்பினேன்,
மூன்று முடிச்சும் விழுந்து
அட்சதை பறந்துகொண்டிருந்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
பந்தலின் ஓரத்தில் ஒருவர்
கொட்டாவி விடுவதை.
இதுவரை உறைந்த படத்தில்
அவர் வாழ்த்துவதாக நினைத்திருந்தேன்.

பத்தாம் நாள் இரவு ஒரு செய்தி:
கார்டு எத்தனை டிகிரி ஓடுது, அக்கா?
எழுபத்தொன்று, மூடியில்லாமல் என்று அனுப்பினேன்.
பதிலாக ஒரு படம் வந்தது,
மழமழவென்று மழித்த தலை,
காது இரண்டும் திடீரென்று பெரிதாக.
கீழே: நானும் மூடியில்லாமதான்.

கோவேந்தன் மலையின் பாதியில் இருந்தார்,
இன்னும் விழவில்லை.
அந்தப் பத்து வெள்ளியை
அனுப்பிவிடலாமா என்று ரசீதை எடுத்துப் பார்த்தேன்.
ஏற்கெனவே முந்நூற்று நான்கு.