மைனஸ் இருபது

செதூபல் துறைமுகத்துக்குப் பின்னால்
மீன்பெட்டிக் கிடங்கை ஒட்டி ஓர் ஆய்வகம்.
திங்கட்கிழமை டியோலிந்தாவின் மேசைக்கு
ஒன்பது குப்பிகள் வந்தன.
ஒன்பதின் சீட்டிலும் ஒரே வார்த்தை:
கரும்பிலிருந்து.

நிறமில்லை. மணமில்லை.
புறங்கையில் ஒரு சொட்டு விட்டால்
தோல் கேள்வி கேட்காமல் குடித்துவிடும்.
கண்ணுக்கடியில் பூசும் களிம்பு,
உதட்டுச் சாயம், கூந்தல் நுனிக்கு ஒரு தைலம்,
சவரம் செய்த கன்னத்து எரிச்சலுக்கு இன்னொன்று;
எல்லாவற்றிலும் வழுக்குவது இதுதான்.
இதன் பங்காளி ஒருவனை
நம் தோலே சுரக்கிறது, பிறகு
முப்பது தாண்டியதும்
கைச்சுருக்கம் காட்டத் தொடங்குகிறது.

பிரேசிலில் கரும்புச்சாற்றை
ஈஸ்டுக்கு ஊட்டுகிறார்கள்.
சாராயம் வேண்டாம், எண்ணெய் கொடு என்று
அதைப் பழக்கியிருக்கிறார்கள்.
அது பாதி எண்ணெய்தான் கொடுக்கும்.
இரண்டு பாதிகளை ஒட்டுவது
ஆலைக்காரர்கள் பாடு.

அதற்கு முன்பு இந்த வழவழப்பு
ஆயிரம் மீட்டர் ஆழத்தில்
பச்சைக்கண் சுறாவின் ஈரலில் இருந்தது.
டியோலிந்தாவின் கணவன் அமாண்டியோ
செசிம்ப்ராவில் பதினோரு வருடம்
அந்த ஈரலை அள்ளியவன்.
தூண்டில் இழுப்பவர்களின் உள்ளங்கை
பாளம்பாளமாய் வெடித்துக் கிடக்க
அவன் கை மட்டும் மாப்பிள்ளைக் கை.
படகே அதைச் சொல்லிச் சிரிக்கும்.
தடை வந்தது.
இப்போது ஐஸ் வண்டி ஓட்டுகிறான்.
கை காய்த்துவிட்டது.

எண்ணெய்க்கு ஒரே முகம்.
உள்ளே இருக்கும் கரிக்குத்தான் ஞாபகம்.
வெயிலைக் கரும்பு விழுங்கும் விதம் தனி;
இயந்திரத்தில் அது
மைனஸ் பன்னிரண்டை ஒட்டி நிற்கும்.
கடல் இன்னும் கீழே இறங்கும்.

எட்டுக் குப்பிகள் பன்னிரண்டில் நின்றன.
ஏழாம் எண் குப்பி
மைனஸ் இருபது.
ஊசியை மாற்றினாள். இருபது.
காபி குடித்துவிட்டு வந்தாள்.
இருபது.

மதியம் கிடங்குக்கு ஐஸ் இறக்க வந்தவனை
வாசலில் நிறுத்திக் கைநீட்டச் சொன்னாள்.
விதிப்படி தப்பு.
ஒரு சொட்டு.
கட்டைவிரலால் தேய்த்தான், முகர்ந்தான்,
உப்புப் பார்ப்பவன்போல் நாக்கில் வைத்தான்.
"தெரியலையே" என்றான்,
பதினோரு வருடம் முழங்கை வரை
அதில் நனைந்தவன்.
பிறகு மற்றக் கையையும் நீட்டினான்:
"இதுக்கும் கொஞ்சம் விடு."

அறிக்கையில் ஒரு வரி.
குப்பி ஏழு: கரும்பு இல்லை.
எந்தக் கடல், எந்தப் படகு என்பதற்கெல்லாம்
படிவத்தில் கட்டம் கிடையாது.
கையெழுத்துப் போடும்போது பேனா
அவள் விரலில் வழுக்கியது.

எங்கோ ஒரு படகில், இந்த நேரம்,
மெத்தென்ற கைக்காரன் ஒருவனைச் சொல்லி
நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.