இலக்கம் நாற்பத்தொன்று

மாநகர சபையில் எனக்கு வேலை
சிங்களத்தில் வருவதைத் தமிழில் வைப்பது.
குப்பை எடுக்கும் நாட்கள், நீர்வெட்டு, நாய்களுக்கு ஊசி.
செவ்வாய்க்கிழமை மேசைக்கு ஒரு மரம் வந்தது.

தெமட்டகொடையில், மருந்துக்கடைக்கு எதிரே,
கிழட்டு மாரா.
பட்டையில் வெள்ளைப் பெயின்றால் 41.
அடிமரத்தில் பொந்து.
பொறியியலாளர் எழுதியிருந்தது மூன்றே வரி.
நானும் மூன்றே வரியில் முடித்தேன்:

அபாயகரமான மரம்.
எந்நேரமும் விழலாம்.
இங்கு நிற்க வேண்டாம்.

கையெழுத்துக்கு அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
கடைசி வரியில் ஆளில்லை.
மரம் வாசித்தாலும் பொருந்தும்.
இந்த நகரத்தில் முன்பொரு ஆடி மாதம்
எங்களுக்கும் சொன்னார்கள் அதை.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

மதியம் போய்ப் பார்த்தேன்.
நிழலுக்குள் ஒன்பது ஆட்டோ.
வெயில் நகர நகர, ஸ்டார்ட் பண்ணாமல்,
காலால் உந்தி உந்தி
நிழலோடு போகிறார்கள்:
காலையில் கடைப் பக்கம்,
இரண்டு மணிக்குப் பிறகு மதில் பக்கம்.
பொந்து நிறைய லொத்தர் சீட்டு.
"விழும் விழும்னு பத்து வருஷமா எடுக்கிறேன் மிஸ்,
ஒண்டும் விழுகுதில்ல,
இதா விழப் போகுது?" என்றார் நிஸ்தார்.

ஆறு மணிக்கு அது இலைகளை மடித்துக்கொண்டது,
கணக்கு முடித்த கடை மாதிரி.
மேலே திடீரென்று நிறைய வானம்.
பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சிங்களப் பலகை புதன்கிழமையே வந்தது.
வியாழன் இரவு மின்வாள் வந்தது.
காகக்கூட்டில் இருந்தது
இரண்டு உடுப்புக் கம்பி, ஒரு தேக்கரண்டி,
யாருடையவோ கைக்கடிகாரப் பட்டி.
மரம் ஐந்து லொறி.

தமிழ்ப் பலகை திங்கட்கிழமை.
மரமில்லாததால் மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.
பெயின்றர் ஒரு காலை விட்டுவிட்டான்:

அபயகரமான மரம்.
எந்நேரமும் விழலாம்.
இங்கு நிற்க வேண்டாம்.

திருத்தம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.
திகதி போட்டேன், விடயம் என்று எழுதினேன்,
கோப்பை மூடிவிட்டேன்.

இன்றைக்கும் அந்த வழியால்தான் போனேன்.
இரண்டு மணி. தார் இளகுகிற வெயில்.
ஒன்பது பேரும் இறங்கி
வண்டிகளை மதில் பக்கம் தள்ளினார்கள்.
பாதி தூரத்தில் நிஸ்தார் நின்று
மேலே பார்த்தார்.
பிறகு மிச்சத்தையும் தள்ளினார்.