ஐந்தாவது கம்பி

மறுபடியும் அந்தச் சத்தம்.
டிக், டிக், டிக் என்று,
தகர டப்பாவை யாரோ
நகத்தால் சுண்டுகிற மாதிரி.

வெளியே மைனஸ் பதினாறு.
ஸ்வேக் ஊரில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டும்.
கராஜில் மண்ணெண்ணெய் ஹீட்டர்
ஆளின் ஒரு பக்கத்தை மட்டும் சுடுகிறது.
இடது கன்னம் ஸ்வீடனில், வலது கன்னம் வேறெங்கோ.

அறுபத்தொன்பதாம் வருடத்து வோல்வோ.
மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறட்டுமே என்று
கொஞ்சம் முரட்டுக் கேம்ஷாஃப்ட் மாற்றி
ஒன்பது நாள் ஆகிறது.

முதலில் வால்வு இடைவெளி பார்த்தேன்.
ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாற்பது பங்கு.
ஃபீலர் தகடு
கனத்த புத்தகத்துக்கு அடியிலிருந்து
தாளை உருவுவதுபோல் வர வேண்டும்.
வந்தது. எட்டிலும் வந்தது.
இருபது கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினேன்.
ஏழில் தாள். ஒன்றில் கதவு.

இறுக்கினேன். மறுநாள் மறுபடி திறந்து கிடந்தது.
இறுக்க இறுக்க இளகிப்போவதைப் பற்றி
விவாகரத்தான எனக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரூட்கெர் வந்தான், மரமில்லில் என்னோடு இரவு ஷிஃப்ட்.
கார்புரேட்டர் தும்முவதைக் கேட்டதுமே
கலவைதான் கோளாறு என்று திருகினான்.
தும்மல் நிற்கவில்லை.
அப்படியானால் இக்னிஷன் என்று
டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினான்.
தும்மல் மூக்கில் வருகிறது சரி,
நோயும் மூக்கிலா இருக்கிறது என்றேன்.
கோபித்துக்கொண்டு என் ஃப்ளாஸ்க் காபியை முழுக்கக் குடித்தான்.

எஞ்சின் ஓடும்போதே மேல்மூடியைக் கழற்றினேன்.
மூக்குக்கண்ணாடியெங்கும் எண்ணெய்ப் பொட்டு.
ஒவ்வொரு புஷ்ராடிலும் முன்பே
வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
ஏழு புள்ளிகள்
ஏறி இறங்கிக்கொண்டே
அவசரமில்லாமல் தம்மைத் தாமே சுற்றின.
ஐந்தாவது சுற்றவில்லை.
ஏறியது, இறங்கியது,
ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு.

அடியில் டாப்பெட் சுழலவில்லை.
சுழலாதது தேயும்.
தேய்கிறது சும்மா தேயாது,
எதிரே இருப்பதையும் தேய்க்கும்.

டயல் கேஜை வைத்தோம்.
ஏழு புள்ளி ஒன்று. ஏழு புள்ளி ஒன்று. ஏழு.
ஐந்தாவது கம்பியில்
முள் ஐந்து புள்ளி எட்டோடு நின்றுவிட்டது.
மூன்றாம் சிலிண்டரின் புகைவழி.
வெளியேற இடம் போதாத புகை
வந்த வழியே திரும்பியிருக்கிறது.
அதுதான் தும்மல்.

பழைய டாப்பெட்டையே போட்டாயா என்றான் ரூட்கெர்.
எட்டும் புதிது, ரசீது இருக்கிறது.
கேமுக்குப் பசை?
தடவினேன், நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
முதல் இருபது நிமிடம்?

ஹீட்டரின் திரியைச் சற்றுத் தணித்தேன்.

முதல் இருபது நிமிடம்
இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் அலற விட வேண்டும்.
கிராங்க் வாரி அடிக்கிற எண்ணெய்
அப்போதுதான் கேமின் புது மேடுகளை எட்டும்.
தெரியும். அட்டையில் பெரிதாக எழுதி
நானே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்
எல்லினோரின் பிள்ளை ஸிக்ஸ்டன்,
பிறந்து பதினோரு நாள்,
இரவெல்லாம் கத்திவிட்டு
என் நான்காவது நிமிடத்தில்தான் அடங்கினான்.
திராட்டிலை விட்டேன்.
பாவம், தூங்கட்டும்.
எஞ்சினும் தாலாட்டுபோல் முனகிக்கொண்டு
ஒரு மணி நேரம்
உலர்ந்து உலர்ந்து தன்னையே தின்றது.

இவ்வளவு பழைய கார், ஆனால் என்ன சாது என்று
நேற்றுகூட வேலியோரம் சொன்னாள் எல்லினோர்.
ஆமாம் என்றேன்.

எண்ணெயை வடித்தோம்.
டார்ச் வெளிச்சத்தில் வெள்ளி மினுக்கம்,
மீன் செதில் கழுவிய தண்ணீர் மாதிரி.
தலையைக் கழற்ற வேண்டும், ரேடியேட்டரை இறக்க வேண்டும்,
எல்லாம் முதலிலிருந்து.

அடுத்த முறை உயிரூட்டுவது இங்கே இல்லை.
கயிறு கட்டி மில் முற்றத்துக்கு இழுத்துப் போகிறோம்.
அங்கே நாலு ரம்பங்கள் ராப்பகலாய்க் கத்துகின்றன.
இன்னொன்று கத்தினால்
யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்.